உளி மட்டும் போதுமா? செக்ரோலையும் காட்டுங்கள்!

சென்ற பள்ளி விடுமுறையின்போது கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் என் தமக்கையார் இல்லத்தில் நான்கு நாள் தங்கினேன். தமக்கையாரின் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். காலனி ஆட்சிக் காலத்து மக்கள் வாழ்க்கையைப் பற்றிச் சிறிய அரும்பொருளகம் ஒன்றில் காட்சி நடக்கிறது என்றும், அதைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி வரும்படி ஆசிரியை சொல்லியிருக்கிறார் என்றும் கூறி, அவள் என்னை அங்கு இழுத்துச் சென்றாள்.

கூடம் சிறியது, ஆனால் ஒழுங்கானது. ஒரு பக்கம் துரை வீட்டுப் பீங்கான் கோப்பைகள், பிரம்பு நாற்காலி, பாட்டுப் பெட்டி. மறு பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள்ளே ஓர் உளி, ஒரு மங்கு, நசுங்கிய பால் வாளி. தோழர்களே, நம் கையில் அன்றாடம் புழங்கும் சாமான்களைக் கண்ணாடிக்குள் கண்டதும் உறவினரைக் கண்டதுபோல் நின்றுவிட்டேன். பெட்டியின் அடியில் ஓர் அட்டை இருந்தது. பால் வெட்டும் உளி, இரும்பும் மரமும், 1930-கள் என்று அதில் எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை.

சிறுமி அதைப் பார்த்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும், "மாமா, இது யாரோடது?" என்றாள். "யாராவது ஒரு தொழிலாளியுடையது, அம்மா" என்றேன். "அவங்க ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுவாங்க? எவ்வளவு சம்பளம்?" என்று அடுத்தடுத்துக் கேட்டாள். இம்மூன்று கேள்விகளில் ஒன்றுக்கேனும் அந்த அட்டையில் பதில் இல்லை. ஆனால் எதிர்ப் பக்கத்துக் கோப்பைகளுக்கோ, அவை எந்த நாட்டில் செய்யப்பட்டவை, எந்தத் துரையின் மனைவி எந்த ஆண்டில் கொண்டுவந்தாள் என்பதெல்லாம் விவரமாக எழுதப்பட்டிருந்தன!

அச்சிறுமியின் கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

பாலத்தின் பெயர் நின்றது

ஆங் மோ கியோ என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. ஹொக்கியன் மொழியில் 'ஆங் மோ' என்றால் செந்நிற மயிர். வெள்ளைக்காரனைக் குறிக்கும் வழக்கு. 'கியோ' என்றால் பாலம். அந்நாளைய அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சனோடு அந்தப் பாலத்தை இணைத்துச் சொல்வார் உண்டு. 'ஆங் மோ கியோ' என்பது தக்காளிக்கும் பெயராகையால், அதிலிருந்து வந்ததென்பாரும் உண்டு. எது சரியாயினும், ஊர்ப் பெயரில் வெள்ளைக்காரனின் சாயல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1973-இல் இங்கே புதுநகர் கட்டத் தொடங்கியது. அதற்கு முன் இங்கே இருந்தவை கம்பங்களும், காய்கறித் தோட்டங்களும், பன்றிப் பண்ணைகளும், ரப்பர்க் காடுகளும். இன்று அங்கே சாலைகளுக்கு எண்கள்தான் பெயர். முதலாம் அவென்யூ, மூன்றாம் அவென்யூ என்று நீண்டுகொண்டே போகும். ஆயினும் ஒரு மூலையில் 'கெபுன் பாரு' என்று ஒரு பெயர் பிழைத்திருக்கிறது. கெபுன் என்றால் என்னவென்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. புதிய தோட்டம்! அந்தப் பேட்டையில் வசிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்பெயரின் பொருள் தெரியும்?

இந்தத் தீவின் வடபாதியில் செம்பவாங், நீ சூன், சிலேத்தார் என்று தோட்டங்கள் பரந்து கிடந்தன. அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூனின் பெயர் ஊருக்கும் சாலைக்கும் நிற்கிறது. அவர் உழைப்பாளிதான், மறுக்கவில்லை. ஆனால் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நுழைந்த தமிழன், சீனன், ஜாவாக்காரன் ஆகியோரின் பெயர் எந்தச் சாலைக்கு இருக்கிறது?

தேசிய மரபுடைமைக் கழகம் 2011-இல் ஆங் மோ கியோவுக்கென்று ஒரு மரபுடைமைப் பாதையை வகுத்தது. நல்ல காரியம். பாதை போட்டாகிவிட்டது, அதில் நடக்கும் பிள்ளைக்கு உழைத்தவனின் கதையையும் சொல்ல வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இருபத்திரண்டு கன்றும் ஐம்பது காசும்

ரப்பரின் கதையை அரும்பொருளகங்கள் எப்படிச் சொல்கின்றன? 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். தோட்டக்காரர்களின் சட்டைப் பையில் விதைகளைத் திணித்துப் பயிரிடச் சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வந்தது. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். பூமலையை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை இடமாக ஏற்றபோது இந்த ரப்பர் ஆராய்ச்சியும் அதன் பெருமைகளில் ஒன்றாக எண்ணப்பட்டது.

இவையெல்லாம் உண்மை. பிள்ளைகள் அறியவேண்டிய உண்மை. ரிட்லி காட்டிய வெட்டைத்தான் இன்றைக்கும் நாம் வெட்டுகிறோம். ஆனால் 22 கன்றுகள் இலட்சக்கணக்கான ஏக்கராகப் பெருகியது விதையின் மகிமையால் மட்டுமா? காட்டை அழித்தவன் யார்? மலைக்காய்ச்சலில் மாண்டவன் யார்? நாளொன்றுக்கு முந்நூறு முதல் ஐந்நூறு மரம் வரை குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டியவள் யார்?

கணக்கு எழுதுகிறவன் ஆகையால் கணக்கைச் சொல்கிறேன். 1910-இல் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கு ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை நீடித்தது. 1920-களின் இறுதியில் முக்கியமான வட்டாரங்களில் தமிழ்த் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே உளி, ஒரே மரம், ஒரே பால். பெண் என்பதற்காக 10 காசு பிடித்தம்! 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது அந்தக் கூலியையும் வெட்டினார்கள். பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சீனிவாச சாஸ்திரியார் வந்து பார்த்து 1937-இல் அறிக்கை கொடுத்தார். 50-ம் 40-ம் திரும்ப வரவேண்டும் என்றார். வந்தது, மறு ஆண்டே மீண்டும் குறைந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதையே நிறுத்தியது.

இந்த 50 காசையும் 40 காசையும் உளிக்குப் பக்கத்தில் எழுதிவைக்க எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு விரற்கடை! அந்த ஒரு விரற்கடை இடம் இல்லாததால்தான் உளி வெறும் இரும்பாகக் கிடக்கிறது. கோப்பையையும் உளியையும் ஒரே கூடத்தில் வைத்திருக்கிறார்கள். கோப்பை எந்தப் பணத்தில் வந்தது என்று சொல்லிவிட்டால் இரண்டுக்கும் உள்ள உறவு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

எங்கள் குற்றமும் காட்சியில் வரட்டும்

துரையை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றார்கள். கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்!

துரைக்கு மட்டுமா இறங்கினார்கள்? கிராணிக்கும் இறங்கினார்கள். கொடுமை செய்யும் ஆசிய உத்தியோகஸ்தர்களை நீக்கிவிட்டுத் தமிழ் படித்தவர்களை நியமிக்க வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளில் ஒன்று. தமிழ்ப் பள்ளியில் படித்த நான் இன்று அலுவலக மேசையில் உட்கார்ந்து பேனா பிடிக்கிறேனென்றால், அந்த நாற்காலிக்காகவும் அன்றே ஒருவன் குரல் கொடுத்திருக்கிறான். அப்போராட்டத்தை அடக்கப் பட்டாளம் வந்தது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

காலனி ஆட்சிக் காலத்து வாழ்க்கை என்று ஒரு காட்சி வைத்தால் அதில் ஒரு பழைய சைக்கிள் நிற்கட்டும். அதனருகே அந்தக் கோரிக்கை எழுதப்படட்டும். பிரட்டுக்கு ஒரு நிமிடம் பிந்தியவனுக்கு அரைப்பேர் போட்ட கிராணியின் சிவப்பு மையும் அதில் இருக்கட்டும். எங்கள் வர்க்கத்துக்கு வெட்கந்தான், ஆனாலும் இருக்கட்டும். வெட்கப்பட வேண்டியதை மறைத்து வைத்தால் அது திரும்பவும் தலைதூக்கும்.

பருவம் முடிந்தால் பாடமும் முடிந்ததா?

இன்னொரு விஷயம். நான் பார்த்த காட்சி பருவக் காட்சி. சில மாதங்களில் பெட்டியைத் திறந்து உளியை எடுத்துச் சாக்கில் சுற்றிக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். அடுத்த பருவத்துக்கு வேறு பொருள், வேறு தலைப்பு.

பருவக் காட்சியே கூடாது என்று சொல்ல மாட்டேன். சிறிய இடம், ஆட்கள் குறைவு, மாற்றி மாற்றி வைத்தால்தான் ஜனங்கள் மறுபடி வருவார்கள் என்பது நியாயமான பேச்சே. லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், சோழமண்டலக் கரையிலிருந்து நீரிணைக் குடியேற்றம் வரை தமிழர் வந்த வழியைப் பற்றி 2019-இல் ஒரு தனிக் காட்சியை வைத்தது. அப்படிப்பட்ட முயற்சிகளைக் கைதட்டி வரவேற்க வேண்டும். அந்நிலையத்தின் நிரந்தரக் கூடத்தில் நுணுக்கமான செதுக்கு வேலைப்பாடுள்ள செட்டிநாட்டு வாயில் ஒன்று இருக்கிறது. பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. அந்த வாயிலின் பக்கத்தில் லயத்து வீட்டுப் பலகைக் கதவு ஒன்றும் என்றைக்கும் நிற்கவேண்டும் என்பது என் ஆசை. இரண்டு கதவும் ஒரே கடலைத் தாண்டி வந்த சனங்களுடையவை அல்லவா?

ஆனால் பருவத்தோடு முடிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டு, ராஃபிள்ஸ் வந்து 200 ஆண்டு நிறைவு. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையின் அருகே வேறு நான்கு சிலைகளை நிறுத்தினார்கள். சாங் நீல உத்தமன், டான் டொக் செங், முன்ஷி அப்துல்லா, நம் நாராயண பிள்ளை. வெள்ளைக்காரன் ஒருவன் மட்டும் இந்நாட்டை ஆக்கிவிடவில்லை என்று சொல்வதற்காகச் செய்த ஏற்பாடு. பாராட்டத் தக்கதுதான். அந்நால்வரில் கூலியாள் ஒருவனும் இல்லை என்பதைக்கூட இப்போது விட்டுவிடுவோம். அந்த நான்கும் தற்காலிகச் சிலைகள்! தவணை முடிந்ததும் நால்வரும் போய்விட்டார்கள். ராஃபிள்ஸ் மட்டும் கைகட்டிக்கொண்டு இன்றும் நிற்கிறார்.

எசமானுக்கு நிரந்தரம், உழைத்தவனுக்குப் பருவம் என்ற இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ள முடியுமா? நமக்கு இது பழகிய ஏற்பாடுதானே! துரை பங்களா கல்லால் கட்டப்பட்டது. லயம் பலகையால் கட்டப்பட்டது. வேலையிலும் நிரந்தரக்காரன், தற்காலிகக்காரன் என்ற பிரிவுக்கு எதிராகத்தானே சங்கம் போராடி வந்திருக்கிறது? வரலாற்றிலும் அப்பிரிவு வேண்டாம்.

இலங்கையில் இரண்டு காட்சிசாலைகள்

வேறு வழி உண்டா என்று கேட்பவர்க்கு இலங்கையைக் காட்டுவேன். கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925-இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையைப் புதுக்கி 2001-இல் தேயிலை அரும்பொருளகம் திறந்தார்கள். பெரிய பெரிய யந்திரங்கள், 1867-இல் தேயிலைப் பயிர்த்தொழிலைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள் எல்லாம் அங்கே உண்டு. யந்திரத்தின் வரலாறு வேண்டியவர் அங்கே போகலாம்.

அதே கண்டிச் சீமையில், கம்பளைப் பக்கம் பழைய பீக்காக் தோட்டத்தில் இன்னொரு காட்சிசாலை இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவனத்தார் 2007-இல் ஆரம்பித்தது. அது இருப்பது தொழிற்சாலையில் அன்று. தொழிலாளர் குடியிருந்த லயத்து அறைகளிலேயே! அடுப்பு எரிந்த அறைக்குள்ளேயே அடுப்பின் கதை சொல்லப்படுகிறது. ஒரு குடும்பம் முழுதும் எத்தனை அடிக்குள் படுத்து எழுந்தது என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. உள்ளே நின்றாலே தெரிந்துவிடும். ஒரே தொழிலுக்கு இரண்டு காட்சிசாலைகள். ஒன்று தேயிலை எப்படி உண்டாயிற்று என்று சொல்கிறது. மற்றது அதை உண்டாக்கினவர் எப்படி வாழ்ந்தார் என்று சொல்கிறது. இரண்டும் வேண்டும். ரப்பருக்கு இரண்டாவது வகை எங்கே?

நாமும் குற்றவாளிகளே

அரும்பொருளகத்தாரை மட்டும் கேட்டுப் பயனில்லை. அவர்கள் காட்டுவதற்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் அலுவலகத்தை இடம் மாற்றினார்கள். பின்னறையில் பழைய செக்ரோல் புத்தகங்கள் கூரை மட்டும் அடுக்கிக் கிடந்தன. கரையான் பிடித்தவை சில. நன்றாக இருந்தவை பல. பழைய காகிதக்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிடும்படி உத்தரவு. நான்தான் நிறுத்தேன், சீட்டில் கையெழுத்தும் போட்டேன். போடுமுன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். வரிசை எண், பெயர், முப்பத்தொரு கட்டம், முழுப்பேர், அரைப்பேர், அரிசிப் பிடித்தம், முன்பணப் பிடித்தம், கடைசியில் கையில் கொடுத்த தொகை. அதன் பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு மாதத்தில் பன்னிரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. பிள்ளை பெற்றாளோ, காய்ச்சலில் கிடந்தாளோ! மூடி வைத்தேன். லாரி ஏற்றிக்கொண்டு போயிற்று.

அன்று நான் நிறுத்தது காகிதம் என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அச்சிறுமி, "இது யாரோடது?" என்று கேட்டபோதுதான் அந்தப் பன்னிரண்டு கட்டங்கள் நினைவுக்கு வந்தன. அவள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் அந்தப் புத்தகங்களில் இருந்தது. பெயர் இருந்தது, வேலை இருந்தது, கூலி இருந்தது. காகித விலைக்குப் போய்விட்டது.

ஆகவே, கிராணித் தோழர்களே! உங்கள் அலுவலகத்துப் பின்னறையை இன்றைக்கே திறந்து பாருங்கள். பழைய செக்ரோல், சம்பளச் சீட்டு, பள்ளி வருகைப் பதிவு, ஆஸ்பத்திரிப் புத்தகம் எது இருந்தாலும் ஒரு பட்டியல் எழுதுங்கள். நிர்வாகத்திடம் முறையாக அனுமதி கேட்டு, ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சேரும்படி செய்யுங்கள். நிர்வாகம் மறுத்தால் கிளைச் செயலாளர் வழியாகச் சங்கத்துக்கு எழுதுங்கள்.

பால்மரத் தோழர்களே, தாய்மார்களே! வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய உளியையும், சிவப்பு அடையாளக் கார்டையும், கப்பற் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். எழுபது எண்பது வயதுத் தாத்தா பாட்டிமார் இருந்தால் அவர்கள் பேச்சைக் கைபேசியிலேயே பதிந்து வையுங்கள். சிங்கப்பூரில் 1979 முதல் அரசாங்கமே வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து காப்பாற்றி வருகிறது. பேச்சும் ஆவணந்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டபின் நமக்கென்ன தயக்கம்?

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று மலைக்க வேண்டாம். 1950-களில் கோ. சாரங்கபாணியார் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வேண்டுமென்று ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தவர்களில் தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர்! தாம் நுழைய முடியாத பல்கலைக்கழகத்துக்குக் கூலிக் காசைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பழைய புத்தகம் நான்கைக் காப்பாற்ற நம்மால் முடியாதா?

அரும்பொருளகத்தார்க்கு நம் கோரிக்கை இவைதாம். தொழிற்கருவியை வைக்கும்போது அதைப் பிடித்தவர்க்குக் கிடைத்த கூலியையும் வையுங்கள். ஆண் கூலியும் பெண் கூலியும் தனித்தனியே தெரியட்டும். போராட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு, வாரத்தில் ஒரு நாளேனும் பிள்ளைகளுக்கு அவரே உளியைப் பிடித்துக் காட்டும்படி செய்யுங்கள். அதற்கு உரிய ஊதியமும் கொடுங்கள். பருவம் முடிந்து மற்றவற்றை எடுத்து வைத்தாலும் இந்த ஒரு பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நம்மோடு வேலை செய்கிறார்கள். பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் போய் வீடுகள் வருகின்றன. ஆங் மோ கியோவுக்கு நேர்ந்தது நாளை நம் தோட்டத்துக்கும் நேரலாம். அப்போது அங்கே வசிக்கப்போகும் பிள்ளை ஒன்று கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று, "இது யாரோடது?" என்று கேட்கும்.

என் தமக்கை மகள் தன் ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிட்டாள். உளியின் பக்கத்தில் 50 காசு, 40 காசு என்று நான் சொன்னபடி எழுதி, பெண்ணுக்கு ஏன் குறைவு என்று ஆசிரியையைக் கேட்கப் போவதாகவும் சொன்னாள். கேட்கட்டும். நாமும் கேட்போம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!